உயர்வும் உவகையும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை. விழா மலருக்கென எழுதித் தரப்பட்டது.)

 

நம் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பரீட்சைக்குப் புறப்படும் பிள்ளை, புது வேலையில் சேரப்போகும் மகன், வெளியூர் போகும் மகள் எல்லாரும் பெரியவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, "நல்லாப் படிச்சுப் பெரிய ஆளா வரணும்" என்று வாழ்த்தி அனுப்புவோம். "சந்தோஷமா இரு" என்று தனியாகச் சொல்பவர்கள் குறைவு. பெரிய ஆளாகிவிட்டால் சந்தோஷம் தானாகவே பின்னால் வந்துவிடும் என்பது நம் எண்ணம். மாடு முன்னே போனால் வண்டி பின்னே வரத்தானே வேண்டும் என்று நினைக்கிறோம். அந்த எண்ணம் சரிதானா என்பதே இன்று நான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்பும் கேள்வி.

பொழுதுபோக்காகக் கேட்கும் கேள்வியன்று இது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், மதிப்பெண் குறைந்ததற்காக உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்து நெஞ்சம் பதறுகிறோம். நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டே இரவில் தூக்கம் வராமல் தவிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! எதிர்பார்த்த பதவி உயர்வு இளையவர் ஒருவருக்குப் போய்விட்டது என்பதற்காக வீட்டில் பேச்சையே குறைத்துக்கொண்ட தகப்பன்மார் எத்தனை பேர்! இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். பக்தி இல்லாதவர்களும் அல்லர். அப்படியானால் எங்கே கோளாறு?

ஆசைப்படுவது பாவமா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுவது கிறிஸ்தவனுக்குத் தகுமா? "இருப்பது போதும், எல்லாம் கடவுள் சித்தம்" என்று இருப்பதுதான் பக்தி என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. "எப்படியாவது மேலே வந்துவிட வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்போரும் உண்டு. திருச்சபை இந்த இரண்டு கட்சியிலும் சேரவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாபெரும் மறைவல்லுநர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். பெரிய காரியங்களை நோக்கி மனத்தை உயர்த்துவது ஒரு புண்ணியம் என்கிறார் அவர். அதற்குப் 'பெருந்தகைமை' என்று பெயர் வைக்கலாம். அந்தப் புண்ணியத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு குற்றங்கள் நிற்கின்றன. ஒரு பக்கம் பதவி மோகம். மறுபக்கம் சிறுமனம்; அதாவது, தன்னால் செய்யக்கூடிய காரியத்தைக்கூடச் செய்யத் துணியாமல் பின்வாங்குவது. இந்தச் சிறுமனத்துக்கு அவர் காட்டும் உதாரணம் யார் தெரியுமா? தலைவன் கொடுத்த தாலந்தை மண்ணிலே குழிதோண்டிப் புதைத்து வைத்தானே, மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் வரும் அந்த ஊழியன்தான்! அவன் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை. பயந்து புதைத்தான், அதுதான் அவன் குற்றம்.

பதவி மோகம் எப்போது பாவமாகிறது என்பதற்கும் அவர் மூன்று அடையாளங்கள் தருகிறார். தன்னிடம் இல்லாத தகுதிக்கு மரியாதை தேடுவது ஒன்று. கிடைத்த மரியாதையைக் கடவுளுக்குச் சேர்க்காமல் தனக்கென்றே வைத்துக்கொள்வது இரண்டு. அந்த மரியாதையிலேயே நின்றுவிட்டு, பிறருக்கு அதைப் பயன்படுத்தாமல் போவது மூன்று. பதவிக்கு வருவதைப் பாவம் என்று அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஆண்டவரும் அப்படித்தான் செய்தார். செபதேயுவின் மனைவி தன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து, வலப்பக்கம் ஒருவனுக்கும் இடப்பக்கம் ஒருவனுக்கும் இடம் கேட்டாள். பிள்ளைகளுக்கு வேலை கேட்டுச் சிபாரிசுக்கு வந்த தாய்! மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது. இயேசு அந்தத் தாயை விரட்டவில்லை. பெரியவனாக விரும்புகிறவன் தொண்டனாக இருக்கட்டும் என்று கற்பித்தார். உயர வேண்டும் என்ற விருப்பத்தை அவர் அணைக்கவில்லை. அது போகவேண்டிய திசையைக் காட்டினார். நம் வள்ளுவப் பெருந்தகையும் 'அவா அறுத்தல்' என்று ஓர் அதிகாரமும், 'ஊக்கமுடைமை' என்று வேறோர் அதிகாரமும் ஒரே நூலில் வைத்திருக்கிறார். அறுக்க வேண்டிய ஆசையும் உண்டு, வளர்க்க வேண்டிய ஊக்கமும் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

ஓர் அறையில் மூன்று பேர்

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? இதற்கு நம் பங்கின் பாதுகாவலரின் வாழ்க்கையே பாடம். சவேரியாரைக் கையில் சிலுவை ஏந்திய சுரூபமாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். இன்று அவரை 23 வயது வாலிபராகப் பாருங்கள்.

1529-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரத்தில் புனித பார்பராள் பெயரால் விளங்கிய கல்லூரி. அங்கே ஓர் அறையில் மூன்று பேர் தங்கிப் படித்தார்கள்.

ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். 1506-ஆம் ஆண்டு நவார் நாட்டில் கோட்டை வீட்டில் பிறந்தவர். போரினால் குடும்பம் நொடித்துப் போயிற்று. கோட்டையின் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. இழந்த பெருமையைத் தன் படிப்பால் மீட்க வேண்டும் என்ற வெறி அவருக்கு. கலகலப்பான சுபாவம். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் கெட்டிக்காரர் என்று வரலாறுகள் கூறும். 1530-இல் பட்டம் பெற்று, அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கினார். சொந்த நாட்டில் பம்பலோனா பேராலயத்தில் மரியாதையும் வருமானமும் உள்ள ஒரு பதவியின் மேல் அவருக்குக் கண் இருந்தது.

இரண்டாமவர் பீட்டர் பேபர். சவேரியார் பிறந்த அதே 1506-இல், அதே ஏப்ரல் மாதத்தில், சவோய் மலைநாட்டில் பிறந்தவர். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். மென்மையானவர்; ஆனால் மனக்கலக்கம் மிகுந்தவர். பாவம் செய்துவிட்டோமோ, பாவசங்கீர்த்தனத்தில் எதையாவது விட்டுவிட்டோமோ என்று ஓயாமல் தவிப்பவர். என்ன வேலைக்குப் போவது என்பதிலும் அதே தவிப்பு. திருமணம் செய்துகொள்வதா, வைத்தியராவதா, வழக்கறிஞராவதா, ஆசிரியராவதா, இறையியல் பண்டிதராவதா, துறவியாவதா என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிக் குழம்பியதைத் தம் குறிப்பேட்டில் அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் படும் பாட்டை இவர் அன்றே பட்டிருக்கிறார்!

மூன்றாமவர் வயதில் மூத்தவர், இஞ்ஞாசியார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 38 வயது. முன்பு அரண்மனைப் பெருமைக்கு ஆசைப்பட்ட போர்வீரர். 1521 மே 20-ஆம் நாள் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. எலும்பு கோணலாகக் கூடி, துருத்திக்கொண்டு நின்றது. அப்படி இருந்தால் நாகரிகமான இறுக்கக் காலணி போட முடியாதே என்று, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், எலும்பை அறுக்கச் சொல்லிப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். அத்தனை பெருமை ஆசை அவருக்கு!

படுக்கையில் கிடந்த நாட்களில்தான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். வீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான். வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். சில வேளை, ஓர் உயர்குலப் பெண்மணியின் முன் வீரச்செயல் புரிந்து புகழ் பெறுவதாகக் கற்பனை செய்வார். சில வேளை, புனிதர்களைப் போலத் தாமும் வாழ்வதாக எண்ணுவார். இரண்டு எண்ணமும் இனிமையாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு வேற்றுமை! முதல் எண்ணம் போன பிறகு மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது எண்ணம் போன பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது.

அன்பர்களே, என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மகிழ்ச்சியை அது வரும்போது அளக்கக் கூடாது. அது வந்து போன பிறகு மனத்தில் என்ன மீதி இருக்கிறது என்று பார்த்து அளக்க வேண்டும். கைதட்டல் ஓய்ந்த பிறகு, மாலை வாடிய பிறகு, நியமன உத்தரவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகு, மனம் நிறைந்திருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா? இஞ்ஞாசியார் நமக்குக் கொடுத்துப்போன அளவுகோல் இது.

இனி அந்த அறைக்குள் நடந்ததைப் பாருங்கள். படிப்பில் பின்தங்கியிருந்த இஞ்ஞாசியாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் பேபர்; அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பதிலுக்கு இஞ்ஞாசியார் பேபரின் மனக்கலக்கத்தைப் பொறுமையோடு ஆற்றினார். ஒரு நாளிலா? ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பிடித்தது! சவேரியாரோ எளிதில் பிடிகொடுக்கவில்லை. அந்தப் போர்க்காலத்தில் அவருடைய அண்ணன்மார் இஞ்ஞாசியாருக்கு எதிரணியில் நின்றவர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இஞ்ஞாசியார் அவருடைய முன்னேற்ற ஆசையோடு சண்டை போடவில்லை. அவர் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்து உதவினார் என்றே வரலாறுகள் கூறுகின்றன. கூடவே ஆண்டவரின் கேள்வி ஒன்றையும் அவர் காதில் போட்டுவைத்தார் என்பது மரபு. ஆன்மாவை விலையாகக் கொடுத்து வாங்கும் வெற்றி இலாபமா, நட்டமா என்பதே அந்தக் கேள்வி.

1534 ஆகஸ்ட் 15-ஆம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், மொன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது அந்த மூவரும் அதில் இருந்தார்கள். மூன்று பேரும் இன்று பீடத்தில் இருக்கிறார்கள். இஞ்ஞாசியாரும் சவேரியாரும் 1622-இல் ஒரே நாளில் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். பேபரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் புனிதராக அறிவித்தார்.

சுபாவம் தலைவிதியன்று

இந்த மூவருடைய சுபாவமும் மாறிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. துடிப்பான சவேரியார் கடைசி வரை துடிப்பாகவே இருந்தார். கோவா, முத்துக்குளித்துறை, மலாக்கா, மொலுக்குத் தீவுகள், ஜப்பான் என்று பத்தே ஆண்டுகளில் அவர் கால் ஓய்ந்ததில்லை. மென்மையான பேபர் மென்மையாகவே இருந்தார். ஆனால் மனக்கலக்கம் என்றால் என்னவென்று உள்ளே இருந்து அறிந்தவர் ஆனபடியால், பிறர் மனத்துக்கு வழிகாட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று இஞ்ஞாசியாரே பாராட்டினார். எது அவருக்குப் பலவீனமாக இருந்ததோ, அதன் வழியாகவே அவருடைய தொண்டு வந்தது.

நம் நாட்டு வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்பார்கள். கிரேக்கர்கள் நான்கு வகைச் சுபாவம் என்றார்கள். இக்கால உளவியல் அறிஞர்கள் ஐந்து குணங்களைச் சொல்கிறார்கள். புதியதை நாடும் ஆர்வம், கடமையுணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை ஆகிய ஐந்தும் எல்லாரிடமும் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பிறப்போடு வருவது என்று இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மீதி, வளரும் சூழலிலும் வாழ்க்கை அனுபவத்திலும் அமைகிறது. வயது ஏற ஏறப் பெரும்பாலோர் பொறுப்பும் இணக்கமும் கூடி, பதற்றம் குறைந்தவர்களாகிறார்கள் என்பதும் அவர்கள் கண்ட உண்மை. சுபாவம் நாம் பிறந்த ஊர் போன்றது. அதை நாம் தேர்ந்தெடுக்கவில்லை; ஆனால் அங்கிருந்து எந்தப் பாதையில் நடப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கலகலப்பானவர்களும் எளிதில் கலங்காதவர்களும் தங்களை மகிழ்ச்சியானவர்கள் என்று சொல்லிக்கொள்வது அதிகம். அமைதியான பிள்ளை, பயந்த சுபாவமுள்ள பிள்ளை, அப்படிச் சொல்வது குறைவு. அதைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் போதாது, செபம் போதாது" என்று நாம் குற்றம் சாட்டிவிடக் கூடாது. புனித பேபருக்கா விசுவாசம் போதவில்லை? தொடர்ந்து வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் ஒரு பிள்ளை இருந்தால், செபத்தோடு வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவமனைக்குப் போக வெட்கப்படாத நாம், மனநோய்க்குப் போக ஏன் வெட்கப்பட வேண்டும்?

நம் ஆண்டவர் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தபோது ஒரே சுபாவக்காரர்களைத் தேரவில்லை. முந்திக்கொண்டு பேசும் பேதுருவும், தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவும், வரி வசூலித்த மத்தேயுவும், நாட்டு விடுதலைத் தீவிரம் கொண்டவர் எனப் பெயர் பெற்ற சீமோனும் ஒரே பந்தியில் இருந்தார்கள்.

ஏறியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஏணியில் ஏறியவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று உண்மையிலேயே கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்னும் உளவியலாளர் 1921-இல் கூர்மதி படைத்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வாழ்க்கையைக் குறித்துவரத் தொடங்கினார். அவருக்குப் பின்னும் அந்தக் குறிப்பு தொடர்ந்தது. அவர்களில் 717 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து இரண்டு அறிஞர்கள் 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்னேற்ற ஆசை மிகுந்தவர்கள் அதிகம் படித்தார்கள், உயர்ந்த பதவிக்குப் போனார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். நாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் வாழ்க்கையில் மனநிறைவு என்று பார்த்தால், மற்றவர்களைவிட அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சிறிதளவே அதிகம். ஆயுளோ சற்றுக் குறைவாகவே இருந்தது.

1938-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சி 80 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 268 பேர். பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த சிறுவர்கள் 456 பேர். பணக்காரனும் ஏழையும் சேர்ந்த இந்தக் கூட்டத்தில், முதுமையில் உடல் நலத்தோடும் மனமகிழ்ச்சியோடும் இருந்தவர்கள் யார்? 50 வயதில் தங்கள் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் நல்ல உறவு கொண்டிருந்தவர்கள்தான் 80 வயதில் நலமாக இருந்தார்கள். பதவியும் பணமும் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

நம் பிள்ளைகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்வதற்காக இதைக் கூறவில்லை. வறுமை எப்படிப்பட்டது என்பதை நம் தாத்தா பாட்டிமார் அறிவார்கள். பசியோடு கிடப்பவனுக்கு நல்ல வேலை கிடைப்பது பெரிய மகிழ்ச்சிதான். அதற்காக உழைப்பது கடமையும்கூட. வேலை தரக்கூடியதை வேலையிடம் கேளுங்கள். அதனால் தர முடியாததை அதனிடம் கேட்டு ஏமாறாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பிழைப்பா, ஏணியா, அழைத்தலா?

1997-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. மனிதர்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்றது அது. சிலருக்கு வேலை ஒரு பிழைப்பு; மாதம் பிறந்தால் சம்பளம். சிலருக்கு அது ஏணி. அடுத்த படி எப்போது என்பதே நினைப்பு. சிலருக்கு அது அழைத்தல். அந்த வேலையே தம்மால் உலகுக்கு ஆகும் நன்மை. வேலையிலும் வாழ்க்கையிலும் நிறைவு இந்த மூன்றாவது கூட்டத்தாருக்கே அதிகம். வியப்பு என்னவென்றால், அலுவலக உதவியாளர்களாக ஒரே வேலை பார்த்த 24 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, அவர்களும் ஏறக்குறையச் சமமாக இந்த மூன்று வகையிலும் பிரிந்து நின்றார்கள். ஒரே நாற்காலி, ஒரே சம்பளம், மூன்று விதமான மனம்!

'தேவ அழைத்தல்' என்றதும் குருமடமும் கன்னியர் மடமும்தான் நம் நினைவுக்கு வரும். புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம் ஓர் அதிகாரம் முழுவதும் எடுத்துரைக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதினார். உழைப்பின் மதிப்பு, அது என்ன வேலை என்பதைவிட, அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே முதலில் இருக்கிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. விடியற்காலை இருட்டில் எழுந்து வந்து மணியடிக்கும் கோயில்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுப்பதாக நினைத்தால் அது பிழைப்பு. ஊரையே செபத்துக்கு எழுப்புவதாக நினைத்தால் அது அழைத்தல். தையல் இயந்திரத்தின் முன்னும், பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலும், கணினியின் முன்னும் இதே வேறுபாடு உண்டு.

அதற்காக, அழைத்தல் என்று சொல்லிக் குறைந்த கூலி கொடுக்கும் முதலாளிக்கு நான் துணை போகமாட்டேன். நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்று 1891-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் எழுதிவிட்டார். தொண்டு மனம் வேறு, ஏமாளித்தனம் வேறு.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, முன்னேற்ற ஆசை பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது என்று டெர்மன் குழுவை ஆராய்ந்தவர்கள் கேட்டார்கள். பிள்ளையின் அறிவுத்திறனும் சுபாவமும் ஒரு பங்கு. பெற்றோருடைய தொழிலின் அந்தஸ்தும் ஒரு பங்கு. ஆகவே உங்கள் நிழல் பிள்ளையின் மேல் விழத்தான் செய்யும். உங்களுக்குக் கிடைக்காமல் போன பதவியைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதற்கு முன் சற்று யோசியுங்கள். "அண்ணனைப் பார், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்" என்ற பேச்சை இந்தப் பொன்விழாவோடு விட்டுவிடுவோமா? சவேரியாரைப் பார்த்து பேபரைத் திட்டியிருந்தால், திருச்சபை ஒரு புனிதரை இழந்திருக்கும். தேர்வு முடிவு வரும் நாளில், முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்ன மார்க் வந்தாலும் நீ என் பிள்ளைதான், ராத்திரி சேர்ந்து சாப்பிடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று யோசனை. முதலாவது, பெரிதாக ஆசைப்படுங்கள், தாலந்தைப் புதைக்காதீர்கள். கலெக்டராக விரும்பினால் அதற்காகப் படியுங்கள். சொந்தத் தொழில் தொடங்க விரும்பினால் துணிந்து இறங்குங்கள். காலம் கடந்துவிட்டதே என்று கவலை வேண்டாம். இஞ்ஞாசியார் முப்பது வயதைத் தாண்டிய பிறகு பார்சலோனாவில் சிறுவர்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தவர். இரண்டாவது, ஒவ்வோர் இரவும் படுக்குமுன் அவர் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். இன்று எது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது? எது முடிந்த பிறகு மனம் வறண்டது? ஒரு நாளில் விடை தெரியாது; ஓர் ஆண்டில் உங்களுக்கே வழி தெரியும். மூன்றாவது, தனியாக ஏறாதீர்கள். சவேரியாருக்கு ஓர் இஞ்ஞாசியாரும் ஒரு பேபரும் அறைத்தோழர்களாக வாய்த்தார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ வேலைக்குப் போகும்போது, சம்பளத்தை விசாரிப்பது போலவே, யாரோடு தங்கப் போகிறோம், ஞாயிறு பூசைக்குக் கோயில் எங்கே என்பதையும் விசாரியுங்கள்.

எட்டாத கரை

முடிப்பதற்கு முன், ஆசைப்பட்டது கிடைக்காமல் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த மண்டபத்தில் அவர்களே அதிகம் இருப்பார்கள்.

சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அந்த ஆண்டு இறுதிக்குள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பாரிஸில் தத்துவம் கற்பித்த பேராசிரியர், இங்கே கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைச் சேர்த்தார். தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மந்திரங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதையும் குரல் கம்மிப்போவதையும் குறிப்பிடுகிறார். அதே கடிதத்தில், பாரிஸ் போன்ற பல்கலைக்கழகங்களுக்குப் போய், அறிவு மட்டும் சேர்த்துக்கொண்டு அதைப் பயன்படுத்த மனமில்லாதவர்களிடம் உரக்கக் கத்த வேண்டும் போல் இருக்கிறது என்றும் எழுதுகிறார். பம்பலோனா பதவிக்கு ஏங்கிய மனிதர்தான் இவர்! ஆசையின் வேகம் குறையவில்லை. யாருக்காக என்பது மாறிவிட்டது.

அவருடைய கடைசிப் பெரிய ஆசை சீனா. அந்த நாட்டுக் கரைக்கு எதிரே சான்சியன் தீவு வரை போய்ச் சேர்ந்தார். கடல் கடத்திக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன படகு வரவில்லை. காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3-ஆம் நாள், 46 வயதில், அந்தக் கரையைப் பார்த்தவாறே இறந்தார். உலகக் கணக்கில் அது தோல்வி. நாம் ஆண்டுதோறும் கொடியேற்றித் தேர் இழுத்துக் கொண்டாடுவது அந்த 'தோல்வி' நாளைத்தான்! போய்ச் சேராத ஊரை வைத்து அவரை யாரும் அளக்கவில்லை. போன வழியெல்லாம் அவர் விட்டுச்சென்றதை வைத்தே அளக்கிறோம்.

கிடைக்காத பதவியை எண்ணிக் கலங்கும் என் சகோதரரே, சகோதரியே! நீங்கள் படிக்கவைத்த தங்கையும், நீங்கள் தாங்கிப்பிடித்த குடும்பமும், நீங்கள் நேர்மையாகச் செய்த வேலையும் இந்தக் கரையில் இருக்கின்றன. எட்டாத கரையையே பார்த்துக்கொண்டு இவற்றைக் காணாமல் இருந்துவிடாதீர்கள்.

நம் பங்கும் அப்படித்தான் எழும்பியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிடியரிசி சேர்த்தவர்கள், கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், கொத்து வேலை செய்தவர்கள் பலருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்களுடைய மகிழ்ச்சி வறண்டுபோகவில்லை. இன்று இந்தக் கூரையின் கீழ் அதை நாம் அனுபவிக்கிறோம்.

இனி நம் பிள்ளைகள் வந்து நிற்கும்போது, நெற்றியில் சிலுவை வரைந்து முழு வாழ்த்தாகச் சொல்வோம்: பெரிய ஆளா வா, பலருக்குப் பயன்படும் ஆளா வா, சந்தோஷமா இரு!

நம் பாதுகாவலராம் புனித சவேரியார் நமக்காகப் பரிந்து பேசுவாராக! வாழ்க நம் பங்கு! வளர்க இறையரசு!